இடது குழல்

ஊசிப்பாறைத் தோட்டத்தில் செத்தவர்களை இரண்டு தடவை அனுப்ப வேண்டும். முதல் தடவை குழிக்கு. நாலு பேர் தோள் கொடுத்தால் அந்தக் காரியம் முடிந்துவிடும். இரண்டாவது தடவைக்குப் பங்களாத் துவக்கு வந்து வெடித்தாக வேண்டும்.

மாசி மாதம் வேட்டைக்காரசாமிக்குப் பொங்கல் வைக்கும் அன்று, பெரியதொரை தன் கையாலேயே அந்த ரெட்டைக்குழல் துவக்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பூசாரியிடம் கொடுப்பார். வெள்ளைக்காரத் தொரை போய் உள்ளூர்த் தொரை வந்தபிறகும், அவர் போய் இன்னொருவர் வந்தபிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. பூசாரி துவக்குக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வலது குழலைச் சாமிக்கு வெடிப்பார். பிறகு அந்த வருஷம் செத்தவர்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். பேர் காதில் விழுந்ததும் அவர்கள் எங்கே கிடந்தாலும் எழுந்து எல்லைக்கல்லுக்கு வந்துவிடுவார்களாம். எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று பூசாரிக்குப் பட்டதும் இடது குழலை மலையைப் பார்த்து வெடிப்பார். அந்தச் சத்தத்தோடு அவர்கள் மலை தாண்டிப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் வீட்டில் அழக்கூடாது. அவர்களுக்கென்று சோறு எடுத்துவைத்த தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும்.

ராசம்மாவுக்கு இந்த வருஷம் அந்த இடது குழல் வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

கார்த்திகை மழையில் மலை சரிந்து இறங்கிய அன்று, அவளுடைய மகன் நிரஞ்சன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு வந்து ஸ்கூல் கட்டடத்தில் இறக்கிவிட்டான். மூச்சு வாங்க நின்றவன், கீழ் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் மூக்கன் தாத்தா நடக்கமாட்டாமல் கிடப்பாரே என்றான். போகாதே என்று அவனிடம் சொன்னோமா இல்லையா என்பது ராசம்மாவுக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. சொன்னேன் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், வாயைத் திறக்கவே இல்லையே என்று தோன்றும். மூக்கனைக் கண்டெடுத்தார்கள். நிரஞ்சனைக் கண்டெடுக்கவில்லை. இராணுவத்துப் பையன்கள் வந்து தோண்டினார்கள். பெக்கோ மெஷின் வந்து தோண்டியது. மறுபடியும் மண் இறங்கும் என்று பயந்து, ஒரு சாயங்காலம் எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு ஏறிவிட்டார்கள். மண்ணுக்குள்ளேதானே இருக்கிறான், அதையே குழி என்று நினைத்துக்கொள் என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு.

அவள் தினமும் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைத்தாள். காலையில் அதை எடுத்து நாய்க்குப் போட்டாள். அண்ணன் அழகுமுத்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர்தான் கோயில் பூசாரி.

"மாசி வரட்டும் தங்கச்சி. இடது குழல்ல அவனை அனுப்பி வச்சிருவோம். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு" என்றார்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கொழுந்துக் கூடையை மறுபடி முதுகில் போட்டாள்.

தை பிறந்ததும் பங்களா கைமாறியது. அதை ஹோட்டல் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு. நாற்காலி, மேசை, மான்கொம்பு, வெள்ளிக் கரண்டி, யாரும் வாசிக்காத பியானோ எல்லாம் லொறியில் ஏறின. துவக்கும் ஏறியது. அழகுமுத்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போய்க் கேட்டார். தொரை நல்ல மனுஷன், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஆனால் தன் கையில் ஒன்றுமில்லை என்றார். நுவரெலியாவில் ஏலம் போடுகிறார்கள், எல்லாரையும்போல நீங்களும் போய்க் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

போய்க் கேட்பதென்றால் லைசன் வேண்டும். துவக்கு லைசன் காணி வைத்திருக்கிறவனுக்குத்தான் கிடைக்கும். பன்றி வந்து பயிரை உழுதுவிட்டுப் போகிறது என்று எழுதிக் கொடுக்க முதலில் பயிர் வைக்கச் சொந்த மண் இருக்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் சாகிறவனுக்கு உறுதிப் பத்திரம் ஏது, காணி ஏது? ஊசிப்பாறைக்காரர்கள் தங்களுக்குள் தேடிப் பார்த்ததில் ஒரே ஒருவன்தான் அகப்பட்டான். சிறில். நிரஞ்சனோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவன். நானுஓயாப் பக்கம் பெண் கட்டி, மாமனார் எழுதிவைத்த மரக்கறித் தோட்டத்துக்கு ஒற்றைக்குழல் துவக்கும் லைசனும் வைத்திருந்தான். அவன் பேரில் வாங்குவது, வருஷத்துக்கு ஒரு நாள் அவன் அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவது என்று பேச்சு முடிந்தது. வீட்டுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம் என்று பிரித்தார்கள். ராசம்மா காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். ஏலத்தின் ஆரம்ப விலைக்கு மேலேயே கொஞ்சம் சேர்ந்தது.

அழகுமுத்துவுக்கு அப்போது காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிய பூசாரி தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் சிறில் முதல்நாளே வந்து தங்கி, ராசம்மாவைக் கூட்டிக்கொண்டு காலையில் கிளம்பினான்.

பூண்டுலோயாவில் பஸ் ஏறியதும் அடுத்த லயத்து நாகலெட்சுமி அவனைப் பிடித்துக்கொண்டாள். அவள் தலவாக்கலைச் சந்தைக்குப் போகிறாள்.

"வேதக்காரப் பய கையில எங்க சாமியக் குடுத்து விட்டிருக்காங்களே. ஒங்க அந்தோனியாரு கோவிச்சுக்க மாட்டாரா?"

"அவரு எதுக்குக்கா கோவிக்கிறாரு. தொலைஞ்சு போனதத் தேடித் தர்றதுதான அவரு வேலையே. மெழுகுதிரி ஏத்திட்டுத்தான் வந்திருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தவன் பக்கத்தில் இருந்த ராசம்மாவைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தொலைந்துபோனது எது என்று அந்த பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். நாகலெட்சுமி சட்டென்று மரக்கறி விலைக்குத் தாவினாள். ராசம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவளும் யாருக்கும் தெரியாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி வாங்கிக் கொடுத்துப் பார்த்தவள்தான்.

ஏலம் ஒரு பழைய ஹோட்டல் மண்டபத்தில். காலையில் சாமான்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள், மத்தியானம் ஏலம். வாசலில் ராசம்மா செருப்பைக் கழற்றினாள். உள்ளே எல்லாரும் சப்பாத்தோடு போகிறார்கள், போட்டுக்கொண்டே வாருங்கள் என்று சிறில் சொல்லிப் பார்த்தான். சாமி இருக்கிற இடம் என்று அவள் கேட்கவில்லை. சிமெந்துத் தரை பனிக்கட்டியாகக் குளிர்ந்தது.

துவக்குகளுக்கென்று தனி மேசை. பச்சைத் துணி விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். பொலிஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றார். தங்களுடையதை ராசம்மா தூரத்திலேயே கண்டுகொண்டாள். குழல் இரண்டிலும் தண்ணீரில் காற்று அடித்ததுபோலச் சுருள் சுருளான வரிகள். குழல் முடிகிற இடத்தில் இருக்கும் வெள்ளித் தகட்டில் ஒரு காட்டுக்கோழி, அதன் இறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செதுக்கியிருந்தான் எவனோ. இரண்டு குழலுக்கும் நடுவில் தங்கத்தில் 2 என்று பதித்திருந்தது. யாரோ துடைத்திருக்கிறார்கள். ஆனாலும் கட்டையின் செதுக்கலுக்குள்ளே பழைய சந்தனம் அடையடையாக நின்றது. அவள் கையைக் கூப்பி, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டு நின்றாள். சிறில் லைசனைக் காட்டி எண் அட்டை வாங்கப் போனான்.

கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கோட்டுப் போட்ட, நரைத்த மனிதர். ஏலக் கம்பெனிக்காரர். பேர் ஞானசேகரம் என்றார், தமிழிலேயே பேசினார்.

"அம்மா, நீங்கள் இதைக் கும்பிட்டனீங்கள். ஏன் எண்டு நான் கேக்கலாமோ?"

அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். தேத்தண்ணி வரவழைத்தார். கோட்டுப் போட்ட ஒருவர் தானே நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, சொல்லுங்கோ என்று சொன்னது ராசம்மாவின் ஆயுளில் இதுதான் முதல் தடவை.

அவள் சொன்னாள்.

ஆபீஸில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று ராசம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கஷ்டத்தை மறைக்கக் கூடாது. மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவிடமோ தொரையிடமோ கிராம சேவகரிடமோ, அடியிலிருந்து நுனிவரை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். பாதியில் எழுந்து போகிறவர் தரமாட்டார். கடைசிவரை கேட்கிறவர் தருவார். கூரைத் தகரம் அப்படித்தான் வந்தது. நிரஞ்சனை டவுன் ஸ்கூலில் சேர்க்கக் கடிதம் அப்படித்தான் வந்தது. இந்த மனிதரோ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்கிறார். அவள் சாமியைச் சொன்னாள். வலது குழலைச் சொன்னாள், இடது குழலைச் சொன்னாள். பேர் கூப்பிடுவதையும், செத்தவர்கள் எல்லைக்கல்லில் வந்து நிற்பதையும் சொன்னாள். கார்த்திகை மழையைச் சொன்னாள். முதுகில் தூக்கி வந்ததையும், மூக்கனைத் தேடிப் போனதையும், சோற்றுத் தட்டையும் சொன்னாள். மகனின் பேரைச் சொன்னாள்.

ஞானசேகரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த 2 என்ன என்று அவளுக்கு விளக்கினார். வெள்ளைக்காரர் இந்த மாதிரித் துவக்கை ஜோடியாகச் செய்விப்பார்களாம். இது இரண்டாவது. முதலாவது எங்கே போனதோ, யாருக்கும் தெரியாது.

"நாங்க அது ரெண்டு வெடின்னு நெனச்சிக்கிட்டு இருந்தோம்ங்க."

"உங்கட விளக்கம்தான் அம்மா வடிவாயிருக்கு" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை நான் சபையில சொல்லலாமோ?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் சொல்லுங்கய்யா. கேட்டா யாருக்குத்தான் மனசு வராது."

அவர் அவளுடைய கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். ராசம்மாவுக்கு நெஞ்சில் இருந்த கல்லை யாரோ கொஞ்சம் நகர்த்தி வைத்ததுபோல இருந்தது. ஆறிப்போன தேத்தண்ணியை முழுக்கக் குடித்தாள். சீனி நிறையப் போட்டிருந்தார்கள்.

சிறில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். தொப்பி வைத்த ஒரு பழைய தோட்டத் தொரையோடு சிங்களத்தில் பேச்சுக் கொடுத்திருக்கிறான். அவர் துவக்கு சேர்க்கிறவர். அவர் சொன்னதை அவளுக்குச் சொன்னான். ஊசிப்பாறைத் துவக்கின் இடது குழலுக்குள்ளே அரித்துக் குழிகுழியாகப் போயிருக்கிறதாம், வெளியே ஓர் இடத்தில் நசுங்கலும் இருக்கிறதாம். ஜோடியில் ஒன்று வேறு இல்லை. துவக்கு தெரிந்தவன் எவனும் ஆரம்ப விலைக்கு மேலே போகமாட்டான், தானும் வேறு துவக்குக்குத்தான் வந்திருக்கிறேன் என்றாராம்.

"நமக்குத்தான் அத்தே. கைய வச்சாச்சுன்னே வச்சிக்குங்க."

"நானும் சொல்லி வச்சிருக்கேன் தம்பி. அந்தக் கோட்டு ஐயா தங்கமான மனுசன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. சபையில சொல்றேன்னிருக்காரு."

சிறிலின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"எல்லாத்தையுமா சொன்னீங்க?"

"ஒன்னுவிடாம."

அவன் மேடைப் பக்கம் வேகமாக நடந்தான். ஞானசேகரம் உள்ளறைக்குப் போய்விட்டார், ஏலம் முடியும்வரை வெளியார் யாரையும் பார்க்கமாட்டார் என்று அங்கே நின்ற பெண் சொல்லிவிட்டாள். திரும்பி வந்து ராசம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எண் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். என்ன என்று அவள் கேட்டதற்கு, ஒன்றுமில்லை அத்தே, எல்லாம் சரியாக நடக்கும் என்றான்.

முதலில் மேசை நாற்காலிகள் போயின. பியானோவை யாரும் கேட்கவில்லை. மான்கொம்பு போனது. ராசம்மா விலை எதையும் கவனிக்கவில்லை, கண்ணை மேடையின் பக்கவாட்டுக் கதவிலேயே வைத்திருந்தாள். வெள்ளைக் கையுறை போட்ட பையன் துவக்கை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வந்தபோது அவளை அறியாமல் எழுந்துவிட்டாள். சிறில் சேலையைப் பிடித்து உட்கார வைத்தான்.

ஏலம் போடுகிறவர் ஒதுங்கிக்கொள்ள, ஞானசேகரம் மைக்குக்கு முன்னால் வந்தார். இங்கிலீஷில் பேசினார். ராசம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவர் கையிலேயே கதை தெரிந்தது. வலது பக்கம் குறி வைத்தார். நிறுத்தினார். யாரையோ தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோலக் கையை வாயருகே வைத்தார். பிறகு இடது பக்கம் குறி வைத்தார்.

"நல்லாச் சொல்றாரு" என்றாள் சிறிலிடம்.

அவன் எண் அட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

மழை வந்தது அவர் விரல்களில். முதுகில் ஒருத்தியைத் தூக்குவதுபோலத் தோளைத் தாழ்த்தினார். அத்தனை இங்கிலீஷுக்கும் நடுவில் ஒரு சொல் மட்டும் அவளுக்கு விளங்கியது. நிரஞ்சன். ராசம்மாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அவர் அவளை நோக்கிக் கையை நீட்டினார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் ஓர் அம்மாள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினாள். ராசம்மா என்ன செய்வாள்? எழுந்தாள். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

பிறகு ஏலம் தொடங்கியது.

சிறில்தான் முதலில் அட்டையைத் தூக்கினான். கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை ராசம்மா பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். முன்வரிசை அம்மாள் அட்டையைத் தூக்கினாள். ஜன்னல் ஓரத்தில் ஒருவர் தூக்கினார். சிறில் மறுபடி தூக்கினான். தொப்பி வைத்த அந்தப் பழைய தொரை, ஆரம்ப விலைக்கு மேலே எவனும் போகமாட்டான் என்று சொன்னவர், அவரும் தூக்கினார். யாருக்குத்தான் மனசு வராது என்று அவள் சொன்னாளே, எல்லாருக்கும் மனசு வந்துவிட்டது. ஊசிப்பாறையின் ஒரு நாள் சம்பளமும் ராசம்மாவின் தோடும் சேர்ந்த தொகையை, பஸ் ஒரு சின்னத் தரிப்பை நிற்காமல் தாண்டுவதுபோலத் தாண்டிப் போய்விட்டார்கள். சிறில் அட்டையை மடியில் கவிழ்த்தான்.

"தூக்கு தம்பி."

"முடிஞ்சு போச்சு அத்தே."

"நம்ம கதையத்தான் எல்லாரும் கேட்டாங்கல்ல?"

"கேட்டதாலதான் அத்தே."

அவளுக்கு அது உடனே விளங்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், கைக்குட்டை அம்மாளைப் பார்த்தாள். பிறகு விளங்கியது. காலுக்குக் கீழே மண் நழுவும்போது முதலில் சத்தம் வராது. கார்த்திகையில் அவள் அதைப் பார்த்தவள்.

கடைசியில் மண்டபத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக ஓய்ந்துவிட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் காதில் போனை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் யாரோ சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவளுடைய தலையாட்டலுக்கு மேலே ஒருவரும் போகவில்லை. சுத்தியல் விழுந்தது. துவக்கை வாங்கியவர் அந்த மண்டபத்திலேயே இல்லை. அழுவதற்கு, காலில் விழுவதற்கு, ஒரு முகம்கூட இல்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே ராசம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள், அவள்தான் ஏலத்தை எடுத்தவள்போல.

வேண்டாம் என்று சிறில் சொல்லச் சொல்லக் கேளாமல் அவள் ஞானசேகரத்தைத் தேடிப் போனாள். உள்ளறை வாசலில் அவரே அவளைக் கண்டு விரைந்து வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை, ராசம்மாவுக்கு மனிதர்களைத் தெரியும்.

"கண்டீங்களோ அம்மா. இவ்வளவு காலத்தில ஒரு துவக்குக்கு இப்படி ஒரு விலை நான் கண்டதில்லை. உங்கட மகன்ட கதைதான்."

"ஐயா, அதக் கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வெடி. எடது பக்கம் மட்டும். பொங்கல் அன்னைக்குக் கோயிலுக்குக் கொண்டாந்து ஒரு வெடி வெடிச்சிட்டுக் கொண்டு போயிரட்டும். காசு இருக்குங்க, நாங்க பிரிச்சது. அத வேணும்னாலும் வச்சிக்கச் சொல்லுங்க."

அவர் அவளை மெதுவாக உட்கார வைத்தார். அந்தத் துவக்கு இனி வெடிக்கிற சாமான் இல்லை என்று சொன்னார். இடது குழல் உள்ளே அவ்வளவு பழுதாகிவிட்டது, வெடித்தால் வெடிக்கிறவரின் கையையும் கொண்டுபோய்விடும், போன மாசியில் அது வெடித்ததே அதிசயம் என்றார். வாங்கியவர் அதை அசையாதபடி பூட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார். சொல்லி முடித்தவர், அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, ஒரு நல்ல சேதியும் இருக்கிறது என்றார்.

"அவருக்குக் கதை சரியாப் பிடிச்சுப்போச்சு. பெட்டிக்குக் கீழ பித்தளைத் தகட்டில உங்கட மகன்ட பேரை வெட்டி வைக்கப்போறாராம். வாறவை எல்லாரும் வாசிப்பினம் அம்மா."

"வாசிக்கிறதுன்னா, பேரைச் சொல்லியா?"

"ஓம் அம்மா. வாறவை எல்லாரும் அவற்ற பேரைச் சொல்லுவினம்."

ராசம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"வேணாம்ங்க. அவன் பேரைப் போட வேணாம்னு சொல்லுங்க. கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

அவருக்கு விளங்கவில்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மற்றவர்களுக்காக உயிரைக் கொடுத்த பிள்ளை, உலகத்துக்குத் தெரிய வேண்டாமா என்று தட்டிக்கொடுத்தார். அது தவிர, வாங்கியவருக்குச் சொல்லியாகிவிட்டது, இனி வேண்டாம் என்றால் அவர் மனம் நோகும். பின்னாலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போவதற்காக எழுந்தார். ராசம்மாவும் எழுந்தாள். பெரிய மனிதர் எழுந்தால் தானும் எழுந்து, கையைக் கூப்பி, ரொம்பப் பெரிய உபகாரம் ஐயா என்று சொல்வது அவளுடைய நாக்கில் ஊறியது. சொல்லியும்விட்டாள். சொன்னபிறகுதான் தன் காதில் விழுந்தது. அவர் போனபிறகும் கூப்பிய கையைப் பிரிக்கத் தெரியாமல் நின்றாள்.

இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று சிறில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. தலவாக்கலையில் பஸ் மாறியபோது அவளுக்குத் தின்ன ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பூண்டுலோயாவுக்கு இந்தப் பக்கம், மண் சரிந்த இடத்தில் பாதை இன்னும் சரியாகவில்லை. பஸ்ஸில் ஆட்களை வைத்துக்கொண்டு கடக்க விடமாட்டார்கள். எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும், வெறும் பஸ் பின்னால் ஊர்ந்து வரும். மேலே ஊசிப்பாறையில் பிடுங்கிக்கொண்ட மண்தான் இங்கே பாதைவரை வந்து கிடந்தது. நிரஞ்சன் மேலே இருக்கிறானா, நடுவில் இருக்கிறானா, இந்தக் காலடியிலேயே இருக்கிறானா, ஒருவருக்கும் தெரியாது. அதனால் ஊசிப்பாறைக்காரர்கள் அந்த இடத்தில் சத்தம் போட்டுப் பேசுவதில்லை.

பாதி தூரத்தில் ராசம்மா நின்றாள். சிறிலும் நின்றான். மற்றவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"பூசாரி மாமா எல்லைக்கல்லுல காத்துக்கிட்டு இருப்பாரு. அவருக்கிட்ட என்னா அத்தே சொல்றது?"

"நடந்ததச் சொல்லு."

"பொங்கல் அன்னைக்கு ஏதாச்சும் வெடி வாங்கிக் கொளுத்தலாம். பெரிய வெடியா. டவுன்ல இருக்கு. நான் வாங்கியாறேன்."

"சின்னப் புள்ளைங்க கொளுத்துறதுக்கு அவங்க போவாங்களா தம்பி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சேற்றைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"அண்ணன்கிட்ட சொல்லு. மத்தவங்க பேரக் கூப்பிடுறதும் கூப்பிடாததும் அவுங்கவுங்க வீட்டு விருப்பம். எம்புள்ள பேரக் கூப்பிட வேணாம்."

"ஏன் அத்தே? பேரையாச்சும் சொல்லட்டுமே."

"கூப்பிட்டா வந்துருவான். வந்து நின்னான்னா, அனுப்புறதுக்கு நம்மகிட்ட ஒன்னுமில்ல."

சிறில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தெரியாத ஊரில், தெரியாத வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று நிரஞ்சன் பேரை வாசிக்கப் போகிறவர்களைப் பற்றி அவள் அவனிடம் சொல்லவில்லை. சொல்லி அவன் என்ன செய்வான்.

பஸ் அவர்களைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்று, ஹார்ன் அடித்தது. ஆட்கள் காலில் ஒட்டிய சேற்றைப் படியில் தட்டிவிட்டு ஏறினார்கள். கண்டக்டர் இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். சிறில் அவள் கையைப் பிடித்தான். அவள் நடந்தாள். ஏறினாள். ஏறாமல் அங்கேயே நிற்பதற்கும் அவளுக்கு இனி ஒரு காரணமும் இருக்கவில்லை.